புதிய முட்டையா, பாதுகாப்பான முட்டையா?
வீட்டில் முட்டையைச் சோதிப்பதும் சேமிப்பதும்

சிங்கப்பூரில் முட்டை இல்லாத சமையலறையைக் காண்பது அரிது. காலையில் காயா ரொட்டியுடன் அரைவேக்காட்டு முட்டை, பிள்ளைகளின் பள்ளி உணவுக்கு முட்டை சாண்ட்விச், இரவில் முட்டைக் குழம்பு என்று ஏதாவது ஒரு வடிவில் அது அன்றாடம் நம் தட்டுக்கு வந்துவிடுகிறது. உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்தும் மலேசியா உள்ளிட்ட பல நாடுகளிலிருந்தும் முட்டைகள் இங்கு விற்பனைக்கு வருகின்றன.

முட்டை வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது, “இது புதுசா?” என்பதுதான். நல்ல கேள்விதான். ஆனால் அதனுடன் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: “இது பாதுகாப்பானதா?” இவ்விரண்டும் ஒன்றல்ல. நேற்று இட்ட முட்டையிலும் நோய்க்கிருமி இருக்கலாம். மூன்று வாரம் குளிர்பதனப் பெட்டியில் இருந்த முட்டை எந்தத் தீங்கும் இல்லாமல் இருக்கலாம். புதுமையைக் கண்ணாலும் மூக்காலும் ஓரளவு கண்டறியலாம். பாதுகாப்பை அப்படிக் கண்டறிய முடியாது. அதைச் சேமிக்கும் முறையாலும் சமைக்கும் முறையாலும் நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஓட்டுக்குள் நடப்பது என்ன?

முட்டை ஓடு பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. கோழி முட்டையிடும்போது ஓட்டின்மேல் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று படிகிறது. காய்ந்ததும் அது நுண்துளைகளை மூடி, கிருமிகள் உள்ளே புகுவதைத் தடுக்கிறது. ஈரம் வெளியேறுவதையும் குறைக்கிறது. ஓட்டுக்கு உள்பக்கம் இரண்டு சவ்வுகள் உள்ளன.

இட்ட முட்டை கோழியின் உடல் சூட்டில், அதாவது ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸில் இருக்கும். அது ஆறும்போது உள்ளிருப்பது சற்றுச் சுருங்குகிறது. அப்போது அகன்ற முனையில் அவ்விரு சவ்வுகளுக்கும் இடையே ஒரு சிறு காற்றறை உண்டாகிறது. நாள் செல்லச் செல்ல முட்டையிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் நுண்துளைகள் வழியாக வெளியேறுகின்றன. காற்றறை பெரிதாகிக்கொண்டே போகிறது.

கரியமில வாயு வெளியேறுவதால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. கெட்டியாக இருந்த வெள்ளைக்கரு நீர்த்துப்போகிறது. மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வும் தளர்கிறது. பழைய முட்டையைச் சட்டியில் உடைத்து ஊற்றும்போது வெள்ளைக்கரு நாற்புறமும் ஓடுவதற்கும், மஞ்சள்கரு சுலபமாகக் கலங்குவதற்கும் இதுவே காரணம்.

இந்த மாற்றங்களை விரைவுபடுத்துவது வெப்பம். நம் நாட்டின் பகல்நேர வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பதால், சமையலறை மேடையில் வைத்த முட்டை விரைவாக முதிர்கிறது. வெளியே ஒரு நாள் இருக்கும் முட்டை, குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் இருப்பதைவிட அதிகமாகத் தரமிழக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

புதுமையைக் கண்டறிய நான்கு வழிகள்

1. தேதியைப் பாருங்கள்

பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் தேதிதான் முதல் ஆதாரம். முட்டைகளை வேறு தட்டுக்கு மாற்றிப் பெட்டியை வீசிவிட்டால் இந்தத் தகவலும் போய்விடும். வேறு பாத்திரத்தில் வைக்க விரும்பினால், தேதி உள்ள பகுதியை வெட்டி அதனுடன் வையுங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைத்தால், பழையது முதலில் தீரும்.

2. தண்ணீரில் இட்டுப் பாருங்கள்

ஆழமான பாத்திரத்தில் குழாய்நீரை ஊற்றி முட்டையை மெதுவாக விடுங்கள்.

அடியில் படுத்துக் கிடந்தால்: புதிய முட்டை.
அடியில் இருந்தபடியே அகன்ற முனை மேலே தூக்கி நின்றால்: சில வாரங்களான முட்டை.
மேலே மிதந்தால்: மிகவும் பழைய முட்டை. அப்புறப்படுத்துவது நல்லது.

காற்றறை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டுகிறது. நனைந்த முட்டையை மீண்டும் அடுக்கி வைக்க வேண்டாம். துடைத்துவிட்டு அன்றே சமைத்துவிடுங்கள். எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போட்டுச் சோதிப்பதைத் தவிர்க்க இதுவே காரணம். சமைக்கப்போவதை மட்டும் சோதியுங்கள்.

3. வெளிச்சத்தில் பாருங்கள்

பண்ணைகளில் முட்டைகளைத் தரம்பிரிக்க ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் விளக்கை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். காற்றறை வெளிறிய வட்டமாகத் தெரியும். வட்டம் சிறிதாக இருந்தால் முட்டை புதிது. மயிரிழை போன்ற விரிசல்கள் இருந்தால் அவையும் இந்த ஒளியில் தெரியும். வெள்ளை ஓட்டில் பார்ப்பது எளிது. அடர்ந்த பழுப்பு ஓட்டில் சற்றுக் கடினம்.

4. உடைத்துப் பாருங்கள்

முட்டையை ஒரு தட்டையான தட்டில் உடைத்து ஊற்றுங்கள். புதிய முட்டையில் மஞ்சள்கரு உருண்டு மேலெழுந்து நிற்கும். கெட்டியான வெள்ளைக்கரு அதைச் சுற்றி அணைத்தாற்போல் இருக்கும். பழைய முட்டை தட்டையாகப் பரவும். தொழில்துறையிலும் இதே அடிப்படையில்தான் அளக்கிறார்கள்: கெட்டியான வெள்ளைக்கருவின் உயரத்தையும் முட்டையின் எடையையும் கொண்டு கணக்கிடும் ஹாவ் அலகு 1937இல் அறிமுகமானது.

வெள்ளைக்கரு சற்றுக் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை என்பதற்கு, அதாவது முட்டை மிகவும் புதிது என்பதற்கு அது அடையாளம். கூமுட்டையைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் தேவையில்லை. உடைத்த உடனேயே அதன் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். நாற்றம் வந்தாலும், வெள்ளைக்கருவில் இளஞ்சிவப்பு, பச்சை அல்லது கறுப்பு நிறம் தெரிந்தாலும் அந்த முட்டையை வீசிவிட்டு, பாத்திரத்தையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இச்சோதனைகள் காட்டாத ஒன்று

சால்மொனெல்லா என்பது கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி. அதன் ஒரு வகையான சால்மொனெல்லா என்டெரைட்டிடிஸ், கோழியின் சூலகத்தையும் முட்டைப்பாதையையும் தொற்றக்கூடியது. அப்படித் தொற்றினால், ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி முட்டைக்குள் சேர்ந்துவிடும். அந்தக் கோழி நோய்வாய்ப்பட்டதாகத் தெரியாது. அந்த முட்டையும் மற்ற முட்டைகளைப் போலவே இருக்கும்: தண்ணீரில் அடியில் படுக்கும், ஒளியில் காற்றறை சிறிதாகத் தெரியும், மஞ்சள்கரு உருண்டு நிற்கும், எந்த நாற்றமும் இராது. மேலே சொன்ன நான்கு சோதனைகளிலும் அது தேறிவிடும்.

கோழியின் எச்சம் ஒட்டிய ஓட்டின் வழியாகவும் கிருமி பரவலாம். முட்டை உடைக்கும்போது ஓட்டிலிருப்பது கையிலும் கிண்ணத்திலும் படும்; ஓட்டில் விரிசல் இருந்தால் உள்ளேயும் செல்லும்.

இதனால்தான் சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்பட்ட பண்ணைகளின் முட்டைகளை மட்டுமே இறக்குமதி செய்து விற்க அனுமதி உண்டு. முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் குறியீடு ஓட்டின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். 2021 மார்ச் மாதம், மலேசியப் பண்ணை ஒன்றின் முட்டைகளில் சால்மொனெல்லா என்டெரைட்டிடிஸ் கண்டறியப்பட்டபோது, சிங்கப்பூர் உணவு அமைப்பு அவற்றை மீட்டுக்கொள்ள உத்தரவிட்டது. தங்கள் வீட்டில் இருப்பது அந்த முட்டைதானா என்பதை மக்கள் ஓட்டிலிருந்த குறியீட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மீட்பு அறிவிப்பு வந்தால் உங்களுக்கும் அந்தக் குறியீடு உதவும்.

“பண்ணையிலிருந்து நேராக வந்தது”, “கம்பத்துக் கோழி முட்டை” என்று சொல்லித் தரப்படும் முட்டைகளுக்கும் இது பொருந்தும். திறந்தவெளியில் மேயும் கோழியின் முட்டை சுவையாக இருக்கலாம். ஆனால் அதில் கிருமி இராது என்பதற்கு உத்தரவாதமில்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு முட்டை கொண்டுவருவதற்கு விதிமுறைகளும் அளவு வரம்பும் உண்டு. புறப்படுவதற்கு முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதும் சேமிப்பதும்

பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். விரிசல் விட்ட, கசிந்த, எச்சம் ஒட்டிய முட்டைகளைத் தவிர்த்துவிடுங்கள். உடைந்தவை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். ஈரச்சந்தையிலோ பேரங்காடியிலோ மற்ற பொருள்களை வாங்கிய பிறகு கடைசியாக முட்டையை எடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுச் செல்லாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவான குளிர் இருக்க வேண்டும். முட்டைக்குள் ஒருசில கிருமிகள் இருந்தாலும் அந்தக் குளிரில் அவை பெருகுவதில்லை. அறை வெப்பநிலையில் அவை விரைந்து பெருகும்.

கதவில் வைக்காதீர்கள். பல குளிர்பதனப் பெட்டிகளின் கதவில் முட்டைக்கென்றே குழிகள் இருக்கும். ஆனால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று முதலில் படுவது அங்குதான். உள்தட்டில், வாங்கிய பெட்டியிலேயே மூடி வையுங்கள். முட்டைகள் ஒன்றோடொன்று மோதாமலும் மீன், வெங்காயம் போன்றவற்றின் வாடை ஏறாமலும் இருக்கும்.

கூர்முனை கீழே இருக்கட்டும். அப்போது காற்றறை மேலேயே நிற்கும். மஞ்சள்கரு நடுவில் நிலைத்திருக்கும்.

கழுவிச் சேமிக்காதீர்கள். வாங்கி வந்ததும் முட்டைகளைக் கழுவி அடுக்குவது பலருக்குப் பழக்கம். சுத்தம் கருதிச் செய்தாலும் இதனால் தீங்கே அதிகம். ஓட்டின் இயற்கைப் பூச்சு கரைந்துவிடும். முட்டையைவிடத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால், உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் மேலுள்ள அழுக்குநீரை நுண்துளைகள் வழியாக உள்ளே இழுக்கும். ஓட்டில் அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் அல்லது காகிதத்தால் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால், சமைப்பதற்குச் சற்று முன்பு வெதுவெதுப்பான நீரில் கழுவி உடனே பயன்படுத்துங்கள்.

உள்ளே வைத்ததை மீண்டும் வெளியே வைக்காதீர்கள். குளிர்ந்த முட்டையை நம் ஈரப்பதமான காற்றில் வைத்தால் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தில் ஓட்டிலுள்ள கிருமிகள் பெருகி உள்ளே புகுவது எளிதாகிவிடும். கேக் செய்வதற்காக வெளியே எடுத்தால் 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

ஓடு உடையாத முட்டை: குளிர்பதனப் பெட்டியில் 3 முதல் 5 வாரம். பெட்டியிலுள்ள தேதிக்குள் பயன்படுத்துவது நல்லது.
உடைத்த வெள்ளைக்கரு: மூடிய பாத்திரத்தில் 2 முதல் 4 நாள்.
உடையாத மஞ்சள்கரு: மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மூடி, 2 நாள் வரை.
முழுமையாக அவித்த முட்டை: குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை.
முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல்: 3 முதல் 4 நாள் வரை. உண்ணும்முன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

அவித்த முட்டை பச்சை முட்டையைவிட நீண்டகாலம் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அவிக்கும்போது ஓட்டின் பாதுகாப்புப் பூச்சு போய்விடுவதால் அது சீக்கிரம் கெடும். முட்டையை ஓட்டோடு உறையவைக்கவும் கூடாது. உள்ளிருப்பது விரிந்து ஓடு வெடித்துவிடும்.

சமைக்கும்போது

சால்மொனெல்லா சூட்டுக்குத் தாக்குப்பிடிக்காது. உணவின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸை எட்டும்வரை சமைத்தால் அது அழிந்துவிடும். வீட்டில் வெப்பமானி இல்லாவிட்டால், வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டும் கெட்டியாகும்வரை வேகவிடுங்கள். கொதிக்கும் நீரில் 10 முதல் 12 நிமிடம் அவித்தால் நடுத்தர அளவு முட்டை முழுமையாக வெந்துவிடும்.

பல முட்டைகள் தேவைப்படும்போது ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுடன் சேருங்கள். ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் வீணாக்காமல் இருக்கும். அடித்த முட்டையைச் சமையல் மேடையில் நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள். ஓட்டைத் தொட்ட கையோடு சமைத்த உணவையோ பழத்தையோ தொடாதீர்கள்.

சூடான நீரில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து எடுக்கும் அரைவேக்காட்டு முட்டையின் நடுப்பகுதி 75 டிகிரியை எட்டுவதில்லை. உடல்நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு இதனால் நோய் வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் பின்வருவோர் பச்சை முட்டையையும் அரைகுறையாக வெந்த முட்டையையும் தவிர்க்க வேண்டும்:

கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும்
கர்ப்பிணிகள்
மூத்தோர்
புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் உட்பட, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள்

இவர்களுக்குத் தொற்று ஏற்பட்டால், கிருமி குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல ஆண்டுகளாகக் காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டுப் பழகிய தாத்தாவிடம் “வேண்டாம்” என்று சொல்வது எளிதல்ல. அவருக்காகப் பாஸ்டரைஸ் செய்த முட்டையை வாங்கி வீட்டிலேயே செய்து தரலாம். முட்டை வேகாத அளவு மிதமான சூட்டில், கட்டுப்படுத்தப்பட்ட நேரத்துக்கு வைத்துக் கிருமிகளை அழித்த முட்டை அது. சில பேரங்காடிகளில் கிடைக்கிறது. பெட்டியில் அந்தச் சொல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டிலேயே செய்யும் மயோனிஸ், திராமிசு, மூஸ் போன்றவற்றுக்கும் இதையே பயன்படுத்துங்கள். கேக் மாவைப் பிள்ளைகள் விரலால் வழித்துச் சாப்பிட விடாதீர்கள்.

நம் குடும்பங்களில் தொடர்ந்து வரும் இன்னொரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும், உடம்பு பலம் பெறட்டும் என்று நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுத்து, அதனுடன் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் பச்சை முட்டையில்தான் சத்து அதிகம் என்ற நம்பிக்கை சரியல்ல. 1998இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வு ஒன்றில், சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை உடல் எடுத்துக்கொண்டது. பச்சை முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டது. பச்சை வெள்ளைக்கருவிலுள்ள ஒருவகைப் புரதம், பயோட்டின் என்ற உயிர்ச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் நன்றாக வேகவைத்துப் பொடிமாஸாகவோ ஆம்லெட்டாகவோ கொடுங்கள். வழக்கமும் நிலைக்கும், பிள்ளைக்குச் சத்தும் கூடுதலாகச் சேரும்.

அடிக்கடி எழும் சில ஐயங்கள்

மஞ்சள்கருவில் இரத்தப் பொட்டு இருந்தால்?
முட்டை உருவாகும்போது கோழியின் உடலில் ஒரு சிறு இரத்தக்குழாய் வெடித்ததால் ஏற்படுவது. முட்டை கெட்டுவிட்டது என்றோ கரு உருவாகியுள்ளது என்றோ பொருளில்லை. விரும்பினால் அந்தப் பொட்டைக் கரண்டியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

அவித்த மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால்?
அதிக நேரம் அவித்ததால், மஞ்சள்கருவின் இரும்புச்சத்தும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. தீங்கில்லை.

பழுப்பு முட்டை வெள்ளை முட்டையைவிடச் சத்தானதா?
இல்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள்கருவின் நிறம் பெரும்பாலும் தீவனத்தைப் பொறுத்தது.

அவித்த முட்டையின் ஓடு உரிய மறுத்தால்?
முட்டை மிகவும் புதிதாக இருக்கலாம். புதிய முட்டையின் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அவிப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேலான முட்டைகளை எடுத்தால் எளிதில் உரியும்.

நோய் அறிகுறிகள் தெரிந்தால்

சால்மொனெல்லா தொற்றினால் 6 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி ஆகியவை தொடங்கலாம். பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் குணமடைகிறார்கள். உடலில் நீர் வற்றிவிடாமல் இருக்கச் சிறிது சிறிதாக அடிக்கடி நீராகாரம் அருந்துங்கள்.

மலத்தில் இரத்தம் கலந்திருந்தாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டாலோ உடனே மருத்துவரை நாடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், மூத்தோர், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கக்கூடாது. வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்ல வேண்டும். சுயநினைவு மங்கினால் 995 என்ற எண்ணில் அவசர மருத்துவ வாகனத்தை அழையுங்கள். மருத்துவரிடம் கடந்த மூன்று நாள்களில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நோயுற்றவர் குணமாகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்க

விரிசல் இல்லாத முட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.
கழுவாமல், பெட்டியோடு, உள்தட்டில் வையுங்கள்.
பழையதை முதலில் பயன்படுத்துங்கள்.
தண்ணீரில் மிதந்தால் வீசிவிடுங்கள். மிதக்காவிட்டாலும் நன்றாக வேகவையுங்கள்.
முட்டையைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.